அந்தக் கோடியில் கயிறு பிடித்தவர்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஐம்பது வருஷமாக இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், "வெயில் தலைக்கு ஏறியிருக்கும்" என்றார்கள். வெயில்தான், இல்லை என்று யார் சொன்னது? ராத்திரி இல்லை, அமாவாசை இல்லை, பக்கத்தில் சுடுகாடுகூட இல்லை. 1974-ஆம் வருஷம், மே மாதம், அக்னி நட்சத்திரத்து உச்சிப்பொழுது. என் கண்ணால் பார்த்தேன். என்னோடு இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். திருப்பனந்தாளுக்குக் கிழக்கே, மண்ணியாற்றை ஒட்டிய ஊர் என்பது போதும். அந்த ஊர் மிராசுதார் குடும்பம் இன்றைக்கும் அங்கே செல்வாக்காகத்தான் இருக்கிறது. இந்த வயதில் கோர்ட்டு வாசலில் போய் நிற்க எனக்குத் தெம்பு கிடையாது.

என் பெயர் அம்சவல்லி. அப்போது எனக்குப் பதினாறு வயது. திருக்கடையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தின் காலனித் தெரு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் நூற்றுக்கு நூறு. அதனால் அந்த மண்ணியாற்றங்கரை ஊரில் நடந்த ஒரு கோடைக் கணக்கு முகாமுக்குக் கூப்பிட்டார்கள். ஏதோ ஒரு அறக்கட்டளை நடத்தியது. பத்து நாள். கடைசி நாள் போட்டியில் ஜெயிக்கும் ஒரே ஒரு பிள்ளைக்குத் தஞ்சாவூர் காலேஜில் சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு, எல்லாம் அவர்கள் செலவு.

பஸ் ஏற்றிவிடும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கிடைச்சா காலேஜு. கிடைக்கலன்னா வந்துடு, குறுவை நடவுக்கு ஆள் பத்தல." கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அவ்வளவுதான் வழி இருந்தது.

முகாமை நடத்தியவர் இராஜாங்கம் சார். பாடம் நடத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வகுப்பறையில் எங்களை உட்காரவே விட மாட்டார். காலை ஆறு மணிக்கெல்லாம் ஆற்று மணலுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். ஆற்றில் தண்ணீர் ஏது? மேட்டூர் திறக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. மணலில் நுங்கு வண்டி ஓட்டப் பந்தயம். யார் வண்டி எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணி, ஆற்றின் அகலத்தைச் சொல்ல வேண்டும். திருப்பனந்தாள் கோயில் கோபுரத்தின் உயரத்தை அதன் நிழலை வைத்தே கண்டுபிடித்தோம். மடுவில் தேங்கிய தண்ணீரில் பையன்கள் குதித்தார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர் கரையில் உட்கார்ந்து, யார் எவ்வளவு நேரம் மூழ்கினார்கள் என்று கணக்குப் போட்டோம். கேலியும் சிரிப்புமாகப் போன நாட்கள் அவை. என் ஆயுசில் அப்படி ஒன்பது நாள் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அந்த ஒன்பது நாளும் செய்த ஒரு வேலையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத் திடலில் ஆளுக்கு ஒரு குச்சி நட்டிருந்தோம். அரை மணிக்கு ஒரு தடவை அதன் நிழலை அளக்க வேண்டும். பகல் பன்னிரண்டுக்கு நிழல் காலடியில் சுருண்டுவிடும். சாயங்காலம் நாலரைக்குச் சரியாக இரண்டு மடங்கு நீண்டு கிழக்கே கிடக்கும். கடைசியில் கடிகாரம் பார்க்காமலேயே, நிழலைப் பார்த்து மணி சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டோம்.

இராஜாங்கம் சார் கரை வேட்டிக்காரர். பேய், பிசாசு எல்லாம் ஏமாற்று வேலை என்று மேடையில் வெளுத்து வாங்குவார். மிராசுதாரும் அதே கரை வேட்டிதான். ஆட்சி மாறியதும் அவர் வேட்டியின் கரையும் மாறிவிட்டது. முகாமுக்கு அரிசி அவர் வீட்டிலிருந்து வந்தது. அவர் வந்தால் சார் உட்கார மாட்டார்.

பத்தாம் நாள் போட்டி. மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் கோணல்மாணலான ஒரு தரிசு கொடுத்தார். முடிச்சுப் போட்ட முந்நூறு அடிக் கயிறு ஒன்று. வேறு கருவி கிடையாது. அளப்பது சேர்ந்து, பரப்பளவை மட்டும் ஆளாளுக்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

"ஒவ்வொரு நிலத்துலயும் அந்தக் கோடி மூலையில ஒரு ஆள் நிப்பார். பண்ணையிலேர்ந்து ஏற்பாடு பண்ணியிருக்கு. கயித்து நுனியை அவர்கிட்ட குடுத்துடுங்க" என்றார். தூரத்தில் கத்தினால் காதில் விழாது. அதனால் கயிற்றிலேயே பேச்சு. ஒரு சுண்டு சுண்டினால், பொறு. இரண்டு சுண்டு சுண்டினால், இழுத்துப் பிடித்துவிட்டேன், அளந்துகொள்.

எங்கள் குழுவில் நான், கலந்தர், நாகநாதன். கலந்தர் நாகூர்ப் பையன். அவன் அப்பா பினாங்கில் கடை வைத்திருந்தார். சீட்டைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை, விளையாட வந்தவன். நாகநாதன் உள்ளூர்க்காரன், மிராசுதார் வீட்டுக் கணக்குப்பிள்ளையின் மகன். எந்த நிலம் என்று சார் கை காட்டியதுமே அவன் முகம் சுண்டிவிட்டது. வெயிலுக்குப் பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

கலந்தர் வழியெல்லாம் நுங்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்ததில், போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை.

சுற்றிலும் ஒரு குருவி இல்லை. நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கானல் தண்ணீர் மாதிரி ஆடியது. அந்தக் கோடியில் ஒரு ஆள் நின்றார். கோவணம், தலையில் முண்டாசு. முகம் தெரியவில்லை.

"நமக்கு முன்னாடியே வந்து நிக்கிறாரே, பாவம்" என்றான் கலந்தர்.

நுனியை எடுத்துக்கொண்டு அவரை நோக்கி ஓடினான். செருப்பு இல்லை. பாதி வழியில் கால் பொசுங்கி, "பிடிச்சுக்கங்கண்ணே!" என்று நுனியைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்துவிட்டான்.

கயிறு நகர்ந்தது. சரசரசரவென்று, வெடிப்புகளின் மேல் ஊர்ந்து போனது. என் கையில் இருந்த சுருள் மளமளவென்று அவிழ்ந்தது. பிறகு விண்ணென்று இறுகியது.

ஒரு சுண்டு... இரண்டு.

முடிச்சை எண்ணி எழுதிக்கொண்டேன். அடுத்த மூலைக்குப் போனோம். மறுபடி இறுகியது. மறுபடி இரண்டு சுண்டு.

அப்போதுதான் கலந்தர் சொன்னான். "புள்ள, வரப்பு அவருக்கு முன்னாடியே திரும்பிடுதே. அவர் ஏன் தள்ளி நிக்கிறார்?"

பார்த்தேன். உண்மைதான். இரண்டு பக்க வரப்பும் அந்த மூலைக்குப் போகாமல் முன்னாலேயே வளைந்து கூடிவிட்டன. அவர் வரப்பைத் தாண்டி இருபது, இருபத்தைந்து அடி தள்ளி நின்றார். அது மிராசுதார் வயல். அவருக்குப் பின்னால் ஒரு சின்ன மதகு தெரிந்தது.

எனக்கு அந்த வயதில் கொழுப்பு அதிகம். "நிலம் தெரிஞ்சவங்க நிக்கிற எடந்தான் மூலை. வரப்பை யார் வேணாலும் வெட்டிப் போடலாம்" என்றேன்.

நாகநாதன் எங்களோடு வரவில்லை. கருவேல மரத்தடியிலேயே நின்றான்.

"வந்து கயித்தைப் பிடியேன்டா."

"மாட்டேன்."

"ஏன்?"

"அங்க ரொம்ப நேரம் பார்க்காதீங்க."

குறுக்களவு ஒன்றுதான் பாக்கி. எதிர் மூலைக்கு வந்தேன். மணி பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிஷம். கயிறு இறுகியது.

உள்ளங்கை ஈரமாக இருந்தது.

வேர்வை என்று நினைத்தேன். பார்த்தால் சேறு. கறுப்புச் சேறு. கயிறு நெடுக வழிந்து வந்திருந்தது.

அந்தத் தரிசில் எங்கேயும் ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

"கலந்தர்..."

அவன் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு ஏதோ கணக்குப் போட்டது.

"நம்ம நிழல் எங்க?" என்றான்.

குனிந்தேன். காலடியில், உள்ளங்கை அளவு.

"அவர் நிழலைப் பாரு."

பார்த்தேன்.

கிழக்கே... நீளமாக... கரேலென்று கிடந்தது.

ஆளைப் போல இரண்டு மடங்கு.

"நாலரை" என்றான் கலந்தர். "அவருக்கு மட்டும் மணி நாலரை..."

கயிறு சுண்டியது.

ஒன்று.

இரண்டு.

அவர் கை அசையவே இல்லை.

கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினோம். கால் பொசுங்கியது தெரியவில்லை. மூச்சு வாங்கப் பள்ளிக்கூடத்து வாசலில் விழுந்தபோது சாப்பாட்டு மணி அடித்தார்கள். கயிறு அங்கேயே கிடந்தது. அதை எடுத்துவர ஒருவரும் போகவில்லை.

"யாருடா அது?" என்று நாகநாதனைப் பிடித்து உலுக்கினேன். "தெரியாது" என்றான். தெரியாதவன் அப்படி அழ மாட்டான்.

பயந்தேனே தவிர, கணக்கை விடவில்லை. குறுவை நடவு எனக்குக் காத்திருந்தது. கடைசி முடிச்சை எண்ணிவிட்டுத்தான் ஓடியிருந்தேன். அந்த மூன்று அளவையும் மற்ற இரண்டு பக்கத்து அளவையும் வைத்துக் கணக்குப் போட்டேன். மூன்று மா இருபத்தைந்து குழி வந்தது. எங்கள் பக்கத்தில் நிலத்தை இன்னும் மா, குழி என்றுதான் சொல்வோம்; நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். மூன்று தடவை சரிபார்த்தேன். தப்பே இல்லை.

சாயங்காலம் மிராசுதார் பரிசு கொடுக்க வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சார் என் விடையை வாங்கிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"மூணு மாதானே? இந்த இருபத்தஞ்சு குழி எங்கேர்ந்து வந்துச்சு?"

"அந்த அண்ணன் நின்ன மூலையிலேர்ந்து அளந்தோம், சார். மதகுகிட்ட."

மிராசுதார் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். "எந்த அண்ணன்? அந்த நெலத்துக்கு நல்லக்கண்ணுவைப் போகச் சொன்னேன். அவன் மாட்டேன்னு வீட்டுல படுத்துக்கிட்டான்."

நான் சொன்னேன். கோவணம், முண்டாசு, சேறு, நிழல்... எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல சார் முகம் வெளுத்துக்கொண்டே போனது. மிராசுதார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எந்தத் தெரு?"

கேட்டாரே தவிர, அவருக்குப் பதில் தேவைப்படவில்லை.

சார் என்னைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். "பேயும் இல்ல, பிசாசும் இல்லம்மா. வெயில். வரப்பை வச்சுக் கணக்கைத் திருத்திக் குடு. சீட்டு உனக்குத்தான். மத்த எந்தக் குழுவும் உன் கிட்டகூட வரல." பேசிக்கொண்டே மிராசுதார் நாற்காலிப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மேடையில் பேய் இல்லை என்று பேசும்போது யாரையும் திரும்பிப் பார்க்காத மனுஷன்.

"கணக்கு சரிதான், சார்."

"சரியா தப்பான்னு கேக்கலம்மா. திருத்துன்னு சொல்றேன்."

அந்த ஒரு பேச்சில் எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை எல்லாம் போய்விட்டது. வீம்பு என்று சொல்லுங்கள். சரியான கணக்கை அடித்து எழுத என் கை வரவில்லை. அந்த உச்சி வெயிலில் ஒருவர் எனக்காக இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அவர் பேயாக இருந்தால்தான் என்ன?

நாகநாதன் திருத்திக் கொடுத்தான். மூன்று மா. சீட்டு அவனுக்குப் போனது. மிராசுதார் கையால் மாலை. எல்லோரும் கை தட்டினார்கள். இராஜாங்கம் சாரும் தட்டினார்.

நான் ஜூன் மாதம் சேற்றில் இறங்கினேன்.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குனிந்து நாற்று நடும்போதெல்லாம் கையில் சேறு படும். அந்தக் கயிறு ஞாபகம் வரும். எட்டு வருஷம் நட்டேன். அப்புறம் சத்துணவுத் திட்டம் வந்தது. படித்த பெண் என்று அமைப்பாளர் வேலை கொடுத்தார்கள். முட்டை எண்ணுவதற்கு நூற்றுக்கு நூறு வாங்கியவள். நாகநாதன் பெரிய அதிகாரி ஆனான். கலந்தர் துபாய்க்குப் போய்விட்டான். ஒரே ஒரு தடவை நாகூர்க் கந்தூரியில் பார்த்தேன். நலம் விசாரிக்கக்கூட இல்லை. "அந்தக் கயித்தை யாராச்சும் எடுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டான்.

1992-இல், கோடையில், அந்த மதகை இடித்துப் பாலம் கட்டினார்கள். தோண்டின இடத்தில் எலும்பு வந்தது என்று பேச்சுக் கிளம்பியது. கேட்டதும் பஸ் பிடித்துப் போனேன்.

வரப்பைத் தாண்டி, இருபத்தைந்து அடியில். அதே இடம்.

ஒரு பழைய சர்வே கல் படுத்துக் கிடந்தது. அதற்கு அடியில் ஒரு ஆள். எலும்பாகிவிட்ட கைக்குள் ஒரு பித்தளைக் கைப்பிடி. நிலம் அளக்கிற சங்கிலியின் கைப்பிடி. இரண்டு மூன்று இரும்பு வளையம் இன்னும் அதில் தொங்கியது. மண் சுற்றிலும் காய்ந்து கிடந்தது. அந்தக் கையைச் சுற்றி மட்டும் கறுப்பாக ஈரம்.

அங்கே ஒரு வயதான அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. பெயர் தங்கம்மாள். செத்தவர் அவர் வீட்டுக்காரர், சாமிதுரை. அந்தத் தரிசைக் குத்தகைக்கு உழுதவர்.

"குத்தகையைப் பதியணும்னு மனுப் போட்டாருங்க. பண்ணை, மதகு இருக்கிற மூலையைப் பிடுங்கப் பார்த்துச்சு. தண்ணி இல்லன்னா தானா ஓடிப் போவான்னு. சர்வேயர் அளக்க வந்தாரு. சங்கிலியோட ஒரு நுனியை இவர் பிடிச்சாரு. உள்ள தள்ளி நில்லுடான்னாங்க. இதான் என் மூலை, நகர மாட்டேன்னு நின்னாரு..."

"அப்புறம்?"

"அடிச்சாங்க. கோடை மழை பெஞ்சு கிடந்த வாய்க்கால் சேத்துல அமுக்கிப் பிடிச்சாங்க. சர்வேயர் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. கேரளாவுக்கு ஓடிட்டான்னு கணக்குப்பிள்ளை ஊருக்கெல்லாம் சொன்னாரு. அவர் மவன், சின்னப் பய, வரப்புல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தான்."

"எந்த வருஷம்மா?"

"எழுவத்தொண்ணு. வைகாசி மாசம்."

கேட்கக் கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

"எத்தனை மணி இருக்கும்?"

"நாலரை பஸ்ஸு ஆரன் அடிச்சுச்சுங்க. அப்பதான் இவரு சத்தம் நின்னுச்சு."

போலீஸ் வந்தது. பழைய இடுகாடாக இருக்கும் என்று எழுதிக்கொண்டு போனார்கள். பாலம் கட்டி முடித்தார்கள். வரப்பு திருப்பி வெட்டப்படவே இல்லை. இன்றைக்கும் அந்த நிலம் மூன்று மாதான்.

இது போன வருஷம் நடந்தது.

திருப்பனந்தாளில் ஒரு கல்யாணம். திரும்பும்போது அந்தப் பாலத்தருகே பஸ்ஸுக்கு நின்றேன். மே மாதம். வாய்க்காலில் மணல்தான் இருந்தது. மணி பன்னிரண்டு. என் நிழல் காலடியில்.

தார் ரோட்டின் மேல் இன்னொரு நிழல் கிடந்தது.

நீளமாக. கிழக்கே பார்த்து.

ஆள் இல்லை.

நிழல் மட்டும்.

என் வலது கை தானாக முன்னால் நீண்டது. உள்ளங்கையில் நார் உரசியது...

ஒரு சுண்டு.

இரண்டு.

"நான் அன்னிக்கே சரியாத்தான் சொன்னேண்ணே..." வாய்விட்டு அழுதேன். "யாரும் கேக்கலண்ணே..."

பிடி தளரவில்லை.

பஸ் வந்து ஆரன் அடித்தது. அப்போதுதான் கை விடுபட்டது. எப்படி ஏறினேன் என்று தெரியாது. சீட்டில் விழுந்து, காசை எடுத்து நீட்டினேன்.

கண்டக்டர் வாங்கவில்லை. என் கையையே பார்த்தார்.

"என்னம்மா இது, கையெல்லாம் சேறு?"